உங்க ஊர்ப் புயலுக்குக் கண்ணு உண்டா?

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி. நார்வேயின் மேற்குக் கரையில் ஓலெசுன்ட் என்ற ஊரில் நண்பர் வீட்டில் இருந்தோம். மேசையில் மெழுகுவர்த்திகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததால், மின்சாரம் போனது சில நொடி கழித்துத்தான் உறைத்தது. மர வீடு. காற்று ஒவ்வொரு முறை மோதும்போதும் சுவர் ஒரு பக்கமாக முனகியது. எங்கோ ஒரு தகரம் பிய்ந்து தெருவில் உருண்டு போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்தப் புயலுக்கு நார்வே வானிலைத் துறை வைத்த பெயர் டாக்மார்.

அதே நாள் மாலை வங்கக் கடலின் தென்கிழக்கில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தது. அப்போது எனக்கு அது தெரியாது. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 30 காலையில், தானே என்ற பெயரோடு அது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. கடலூர் முதுநகர் எனக்குச் சொந்த ஊர்.

இரண்டு நாள் கழித்துத்தான் போன் கிடைத்தது. அப்பா பேசினார். வீட்டு ஓடு போனதைப் பற்றி ஒரு வரி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பற்றிப் பத்து வரி. அப்புறம் கேட்டார்: "உங்க ஊர்லயும் புயலாமே? அம்மா சொன்னா. ஏம்மா, அந்தப் புயலுக்கும் கண்ணு உண்டா?"

"தெரியலைப்பா" என்றேன்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு அது இயல்பான கேள்வி. கண் கடக்கும்போது காற்று நின்றுவிடும், வானம் வெளுக்கும், அப்போது ஏமாந்து வெளியே போனால் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். வானிலை நான் படித்த படிப்பு அல்ல. ஆனால் பதில் தெரியலை என்று சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பல குளிர்கால ராத்திரிகளை இதைப் படிப்பதில்தான் கழித்தேன். படிக்கப் படிக்க, தமிழில் நாம் 'புயல்' என்று ஒரே சொல்லால் கூப்பிடுவது அடியோடு வேறான இரண்டு பிராணிகளை என்று புரிந்தது.

ஆழத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 1999 அக்டோபரில் ஒடிசாவை அழித்த பெரும்புயலின் நடுவில் காற்றழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல். 1993 ஜனவரியில் ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே, பிரேயர் என்ற எண்ணெய்க் கப்பல் ஷெட்லாந்து பாறைகளில் சிக்கிக் கிடந்த நாட்களில், வட அட்லாண்டிக்கில் உருவான தாழ்வு 914 வரை இறங்கியது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பள்ளம். ஆனால் ஒடிசாப் புயலுக்குச் சோறு போட்டது கடல். 26, 27 டிகிரிக்கு மேல் சூடான நீர் ஆவியாகி, மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது விடுகிற வெப்பம்தான் அதன் எரிபொருள். அதனால் அதன் நடு சூடாக இருக்கும், கண்ணைச் சுற்றிக் காற்று உச்சத்தில் இருக்கும், கரையேறியதும் சோறு நின்று தளர்ந்துவிடும். டிசம்பரில் ஓலெசுன்ட் கடல் பத்து டிகிரியைக்கூடத் தொடாது. அந்தத் தண்ணீரை நம்பி ஒரு புயல் பிழைக்க முடியாது. அப்படியானால் டாக்மாருக்கு எது சோறு?

குளிர்ந்த காற்று கனமானது, சூடான காற்று லேசானது. வடக்கே ஆர்க்டிக்கின் கனத்த காற்று, தெற்கே அசோர்ஸ் தீவுப் பக்கத்து லேசான காற்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு கண்ணாடித் தொட்டியின் நடுவே தடுப்பு வைத்து ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் நல்ல தண்ணீர் ஊற்றி, தடுப்பை உருவினால் என்ன ஆகும்? உப்புத் தண்ணீர் அடியில் சரியும், நல்ல தண்ணீர் மேலே ஏறிப் படரும். மொத்தத்தில் கனம் கீழே இறங்கியிருக்கிறது. இறங்கிய அந்தக் கனம்தான் ஓட்டமாக மாறுகிறது. மேக்ஸ் மார்குலிஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1900களின் தொடக்கத்திலேயே வியன்னாவில் உட்கார்ந்து, இப்படிச் சரிகிற காற்றிலிருந்து ஒரு புயலுக்கு வேண்டிய வேகம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

இங்கேதான் எனக்கு முட்டியது. அவ்வளவு சுலபமாகச் சரியுமென்றால், ஆர்க்டிக் காற்று ஏன் ஒரேயடியாகத் தெற்கே சரிந்து கதையை முடித்துவிடவில்லை? வருஷம் முழுக்க, சூடும் குளிரும் ஒட்டி நிற்கிற அந்தச் சுவர் எப்படி நிற்கிறது?

பூமி சுற்றுவதால் நிற்கிறது. காற்று, அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும் என்றுதான் பள்ளியில் படித்தோம். போகத்தான் பார்க்கிறது. ஆனால் நகரத் தொடங்கியதுமே, வட கோளத்தில், அதன் வலப்பக்கமாக ஒரு திருப்பம் ஏறுகிறது. இதுதான் கொரியாலிஸ் விசை. வேகம் கூடக் கூடத் திருப்பமும் கூடும். கடைசியில் காற்று பள்ளத்தை நோக்கிப் போவதை விட்டுவிட்டு, அதன் விளிம்பை ஒட்டி, சமஅழுத்தக் கோட்டின் வழியே ஓடத் தொடங்குகிறது. அப்போது பள்ளத்தின் இழுப்பும் பூமியின் திருப்பமும் சரிக்குச் சரி. கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சம பலமாக இருந்தால் கயிறு அசையாதே, அந்த நிலை. காற்று வீசிக்கொண்டே இருக்கும், பள்ளம் நிரம்பவே நிரம்பாது.

அந்தத் திருப்பு விசை எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துபோனேன். 60 டிகிரி அட்சரேகையில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிற காற்றின் மேல் அது புவியீர்ப்பில் ஏறத்தாழ எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. கைகழுவும் தொட்டியில் தண்ணீர் வடியும்போது சுழல்வதற்கு இதுதான் காரணம் என்று சொல்கிறார்களே, அது தவறு. சில நொடியில் வடிந்துவிடும் தண்ணீரை இவ்வளவு மெல்லிய கை திருப்ப முடியாது. ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தை ஒரு நாளுக்கு மேல் எடுத்துக் கடக்கிற காற்றுக்கோ அந்த மெல்லிய கைதான் எஜமான்.

கடலூரில் அந்தக் கைக்கு நாலில் ஒரு பங்கு பலம்கூட இல்லை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அது தேய்ந்துகொண்டே போகும். அதனால் வெப்பமண்டலத்தில் காற்றுக்குள் ஏற்படும் வெப்ப வித்தியாசம் நிலைப்பதில்லை, சீக்கிரமே பரவிச் சமமாகிவிடுகிறது. மேல் உயரத்தில் வெப்பமண்டலம் முழுக்கக் காற்று கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கிறது. வடக்கே அப்படியல்ல. சூடும் குளிரும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி, சரியாமல் நிற்கின்றன. இறங்கத் துடிக்கிற கனம், இறங்க முடியாமல் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. டாக்மாரின் சோறு அதுதான்.

அந்தச் சுவரின் மேல் உயரத்தில் என்ன நடக்கும்? சூடான காற்று உப்பியிருக்கும், குளிர்ந்தது படிந்திருக்கும். ஆகவே மேலே போகப் போகத் தெற்குக்கும் வடக்குக்கும் அழுத்த வித்தியாசம் கூடும். அழுத்த வித்தியாசம் கூடினால், மேலே சொன்ன சமநிலைப்படி, மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற காற்றும் வேகமெடுக்க வேண்டும். நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்றுதான், ஆனால் தரையிலிருந்து ஒன்பது பத்து கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில். ஜெட் காற்று என்பது இதுவே. ஜப்பானில் வசாபுரோ ஓயிஷி என்பவர் 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் படிக்கட்டும் என்று 1926இல் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார். உலகம் படிக்கவில்லை. 1944 முடிவில் ஜப்பான் மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் அந்தக் காற்றில் நேராகப் போய் முட்டிக்கொண்டார்கள். அவருடைய பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, சுவர் நிற்கிறது. அப்புறம் புயல் எப்படி வருகிறது? அதைக் கண்ணால் முதலில் பார்த்தவர்கள் நான் இப்போது குடியிருக்கும் நார்வேயின் பெர்கன் நகரத்தில்தான் இருந்தார்கள். 1917இல் வானிலை விஞ்ஞானி வில்ஹெல்ம் பியர்க்னஸ் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தை விட்டு இங்கே வந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு வானிலைத் தந்திகள் நின்றுபோயிருந்தன. மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் முன்னறிவிப்பு வேண்டும், ஆனால் மேற்கே கடலில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அவர் என்ன செய்தாரென்றால், கரையோரம் நெடுக ஏராளமான கவனிப்பு இடங்களை ஏற்படுத்தினார். அந்த நெருக்கமான புள்ளிகளை வரைபடத்தில் வைத்து உற்றுப் பார்த்தபோதுதான் அவர் மகன் யாக்கோப் பியர்க்னஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். தாழ்வு என்பது வட்டமான ஒரு பள்ளம் மட்டும் அல்ல, அதற்குள் கத்தியால் கீறியது போல இரண்டு கோடுகள் ஓடுகின்றன. 1919இல் சில பக்கங்களே கொண்ட கட்டுரையாக அது வெளிவந்தபோது அவருக்கு வயது 21. போர்முனையின் ஞாபகத்தில் அந்தக் கோடுகளுக்கு 'முனை' என்றே பெயர் வைத்தார்கள். சூடான காற்று குளிர்ந்த காற்றின் மேல் ஏறுகிற கோடு வெப்பமுனை, குளிர்ந்த காற்று சூடான காற்றின் அடியில் புகுந்து தூக்குகிற கோடு குளிர்முனை.

இந்த ஊரில் ஒரு வருஷம் இருந்தால் போதும், அந்தக் கோடுகள் நம் தலைக்கு மேலே கடப்பதை உணர்ந்துவிடலாம். என் சமையலறைச் சுவரில் பழைய பித்தளைக் காற்றழுத்தமானி ஒன்று இருக்கிறது. போன ஜனவரியில் ஒரு நாள் காலை அது 1006 காட்டியது. மேற்கே வானத்தில் கோலமாவை விரலால் இழுத்துவிட்டது போல மெல்லிய மேகக் கீற்றுகள். பத்து மணிக்குச் சூரியனைச் சுற்றி வளையம். அப்புறம் வானம் பால் மாதிரி மங்கி, சாம்பலாகி, தாழ்ந்துகொண்டே வந்து எதிரே இருக்கிற உல்ரிக்கன் மலையின் உச்சியை மூடியது. பன்னிரண்டரைக்குத் தூறல், சத்தமே இல்லாத, விடாத தூறல். காற்று தென்கிழக்கிலிருந்து. மூன்று மணிக்குத் தூறல் விட்டது, காற்று தென்மேற்குக்கு மாறியது, ஜன்னல் கண்ணாடி திடீரென்று வெளிப்பக்கமாக வேர்த்தது. வெப்பமுனை கடந்துவிட்டது, நாங்கள் சூடான காற்றின் நாக்குக்குள் இருந்தோம். மானியை விரலால் தட்டினேன், 981. ராத்திரி எட்டு மணி வாக்கில் கல்லெறிந்தது போல மழை ஜன்னலில் அறைந்தது. பத்து நிமிஷம்தான். காற்று சட்டென்று வடமேற்குக்குத் திரும்பியது, ஜன்னலைத் திறந்தால் காற்றில் உலோக வாசனை, நட்சத்திரம். மானியின் முள் ஏறத் தொடங்கியிருந்தது. யாக்கோப் தாளில் வரைந்த படம் என் சமையலறை வழியாகப் போன மாதிரி இருந்தது.

ஆனால் பெர்கன்காரர்கள் கண்டது புயலின் உருவத்தை. ஏன் பிறக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. அவர்களிடம் 1919இல் வந்து சேர்ந்த ஸ்வீடன் இளைஞர் கார்ல் குஸ்தாவ் ராஸ்பி, பிற்பாடு அமெரிக்கா போய், 1939இல் மேல்காற்றின் நெளிவுகளுக்குக் கணக்கு எழுதினார். மேற்கிலிருந்து ஓடுகிற காற்று கொஞ்சம் வடக்கே விலகினால், அங்கே பூமியின் சுழற்சிப் பங்கு கூடுதல், அதை ஈடுகட்டக் காற்று வலப்பக்கம் வளைந்து தெற்கே திரும்பும். தெற்கே அதிகம் போனால் இடப்பக்கம் வளைந்து மறுபடி வடக்கே வரும். இப்படி உலகத்தைச் சுற்றி ஒரு பெரிய நெளிவு. நீளமான நெளிவுகள் காற்றின் ஓட்டத்தை எதிர்த்து மேற்கே நழுவப் பார்க்கும், அதனால் சில சமயம் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். ஐரோப்பாவில் வாரக்கணக்காக ஒரே வெயில் அல்லது ஒரே மழை என்றால், மேலே இப்படி ஒரு நெளிவு நின்றிருக்கும்.

பிறப்புக்கான விடை போருக்குப் பின்னால் வந்தது. அமெரிக்காவில் ஜூல் சார்னி 1947இல், இங்கிலாந்தில் எரிக் ஈடி 1949இல், இருவரும் தனித்தனி வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சாய்ந்து நிற்கிற அந்தச் சுவர் முழுசாகச் சரிய முடியாது, பூமி விடாது. ஆனால் நெளிந்தால் வழி கிடைக்கும். நெளிவின் மேற்குப் பக்கத்தில் குளிர்ந்த காற்று தெற்கே போய்க்கொண்டே சறுக்கிக் கீழிறங்கும், கிழக்குப் பக்கத்தில் சூடான காற்று வடக்கே போய்க்கொண்டே ஏறும். மிகச் சாய்வான ஏற்றம், நூறு கிலோமீட்டர் போனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. அந்தச் சறுக்கலில் கனம் இறங்குகிறது, இறங்கிய கனம் நெளிவைப் பெரிதாக்குகிறது, பெரிதான நெளிவு இன்னும் கொஞ்சம் சறுக்கவிடுகிறது. ஈடியின் கணக்குப்படி வேகமாக வளர்கிற நெளிவின் நீளம் ஏறத்தாழ 4000 கிலோமீட்டர், சுமார் ஒரு நாளில் அது இரட்டிப்பாகும். இந்த ஊர் வானிலை வரைபடத்தை எடுத்து ஒரு தாழ்வுக்கும் அடுத்த தாழ்வுக்கும் நடுவே அடிக்கோல் வைத்துப் பாருங்கள். அந்த அளவை ஒட்டித்தான் வரும். ஒரு மனிதர் காகிதத்தில் கண்ட எண் அட்லாண்டிக் மேலே அப்படியே கிடப்பதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைப் படித்துச் சொன்னால் என் மகள் நம்பவில்லை, செய்து பார்க்கலாம் என்றாள். சிகாகோவில் டேவ் ஃபுல்ட்ஸ் 1950களில் அலுமினியப் பாத்திரம் ஒன்றைச் சுழலவிட்டு, விளிம்பைச் சூடாக்கி, நடுவைக் குளிரவைத்துச் செய்த சோதனை அது. கேம்பிரிட்ஜில் ரேமண்ட் ஹைடும் அதே காலத்தில் செய்தார். நாங்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நடுவில் ஐஸ் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரை வைத்தோம். பாத்திரம் ஒரு சுழல்மேடை மேல். சுற்றுவதற்கு அவளுடைய லெகோ மோட்டார். கைப்பேசியை அதே மேடையில் குச்சி கட்டி மேலே பொருத்தினாள், படம் பிடிக்கிற கண்ணும் கூடவே சுற்ற வேண்டுமே. பத்து நிமிஷம் சும்மா சுற்றவிட்டால்தான் தண்ணீர் பாத்திரத்தோடு ஒன்றாகச் சுற்றும். அதற்குப் பொறுமை இல்லாமல் முதல் இரண்டு தடவை கெடுத்தோம்.

மெதுவாகச் சுற்றும்போது டம்ளரை ஒட்டி விட்ட நீலச் சாயம் ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று என்று கூட்டி, மறுபடி காத்திருந்து, நீலத்தை நடுவிலும் சிவப்பை விளிம்பிலும் விட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நீல வளையம் ஒரு இடத்தில் புடைத்தது. புடைப்பு நாக்காக நீண்டு தரையோடு தரையாக வெளியே போயிற்று. அதன் பக்கத்தில் சிவப்பு நாக்கு ஒன்று மேலாக உள்ளே நுழைந்தது. ஒரு நிமிஷத்தில் நாலு நாக்குகள். நீலத்தின் நுனி சுருண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தில் வருகிற அதே காற்புள்ளி வடிவத்துக்கு வந்தது. "அம்மா, இது டாக்மார்" என்றாள். அந்தப் புயல் அடித்தபோது அவளுக்கு இரண்டு வயது.

கணினியில் முன்னறிவிப்பது பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும், பள்ளத்தின் இழுப்பும் பூமியின் திருப்பமும் சரிக்குச் சரி நிற்கிற அந்தச் சமநிலையைப் பற்றியதுதான். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டியபடி, 1910 மே 20ஆம் தேதிக்கு ஆறு மணிநேர முன்னறிவிப்பு ஒன்றைக் கையாலேயே கணக்கிட்டார். அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று வந்தது. நிஜத்தில் அன்று அழுத்தம் அசையவே இல்லை. 1922இல் அந்தத் தோல்வியை மறைக்காமல் அச்சிட்டார், அதற்காகவே அவரைக் கும்பிடலாம். பிழை கூட்டல் கழித்தலில் இல்லை. அவர் எடுத்துக்கொண்ட தொடக்க அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று சமநிலையில் இல்லை. அந்தச் சின்னப் பிசகு பேரலையாக எழுந்து கணக்கை அடித்துப்போனது. சார்னி 1948இல் அந்தச் சமநிலையை விட்டு விலகாத சமன்பாடுகளை எழுதிய பிறகுதான், 1950இல் எனியாக் கணினியில் முதல் நல்ல முன்னறிவிப்பு சாத்தியமாயிற்று.

அப்பாவும் அம்மாவும் 2014 அக்டோபரில் பெர்கன் வந்தார்கள். மீன் அங்காடிப் பக்கம் கடல் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம், நல்ல தெற்குக் காற்று. அப்பாவின் கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னேன். பெரும்பாலும் கண் கிடையாது. நடு சூடல்ல, காற்றின் உச்சமும் நடுவில் இல்லை. சில கடும் புயல்களில் மட்டும் சூடான காற்றில் ஒரு துண்டு கிள்ளப்பட்டு நடுவில் மாட்டிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் கண் மாதிரியே இருக்கும், ஆனால் பிறந்த விதம் வேறு. அவர் தலையாட்டினார், திருப்தியான மாதிரி தெரியவில்லை.

"காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கப்பா" என்றேன். நின்றார். "இடது கையை நீட்டுங்க. அந்தப் பக்கம்தான் தாழ்வு இருக்கு." 1857இல் டச்சுக்காரர் பாய்ஸ் பாலட் சொன்ன விதி. தரையின் உராய்வால் கொஞ்சம் முன்பின் இருக்கும், மற்றபடி தப்பாது. அப்பா வடக்கே பார்த்தபடி, இடது கையை மேற்கே கடலுக்கு நீட்டிக்கொண்டு நின்றார். யாரோ திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கையை இறக்காமலே சொன்னார்: "தானே வர்றதுக்கு முன்னாடி நமக்கு வாடைதானே அடிச்சுது. வாடைக்கு முதுகு காட்டினா தெக்க பாத்து நிப்போம். இடது கை கிழக்க. கடல்ல." கொஞ்சம் யோசித்தார். "கடல்லதான் இருந்துச்சு."

"ஆமாப்பா."

"அப்ப இது எப்ப கரையைக் கடக்கும்?"

"இது இங்க வராதுப்பா, வடக்க போயிடும். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல முனை கடந்ததும் காத்து மேற்க திரும்பும்."

மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவர் பால்கனியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். மடியில், ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்குறிப்பு. அன்றைய பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: பகல் 2.40, மேல்காத்து.